அத்தாவின் சைலன்சர்

கராச்சர்மா
12.6.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

சபீஹா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் மருமகனும் பேத்தி ஹம்னாவும் இங்கே அல்லாஹ்வின் கிருபையால் நன்றாக இருக்கிறோம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? கடையின் பின்பக்கத் தகரம் இந்த மழைக்கும் ஒழுகுகிறதா?

பேனா பிடித்து ஒரு பக்கம் எழுதி எத்தனை வருஷம் ஆயிற்றோ, கை வலிக்கிறது. "போன் வேண்டாம், எதுவானாலும் எழுதி பஸ் டிரைவர் ஐயாவு கையில் கொடுத்தனுப்பு" என்று நீங்கள் சொன்னதால் எழுதுகிறேன். தீவின் வடகோடியில், திக்லிபூரில் சிக்னல் இல்லையாம். உங்கள் கடைக்கு எதிரே இருக்கும் மருந்துக்கடை ஜெயலட்சுமி அக்கா வாரம் இரண்டு தடவை எனக்கு வீடியோ கால் போடுகிறார். அவருக்கு மட்டும் சிக்னல் எந்தக் கடலிலிருந்து ஏறி வருகிறது என்று தெரியவில்லை.

பெருநாளுக்கும் நீங்கள் வரவில்லை. ஹம்னா உங்களுக்காக ஒரு தட்டு பிரியாணியை மூடி வைத்திருந்தாள். அடுத்த நாள் அதை அவளே சாப்பிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் பைக்கின் புகை சர்டிபிகேட் ஜூலை 31-ஆம் தேதியோடு முடிகிறது. என் டெஸ்ட் கூண்டில் இருக்கும் கம்ப்யூட்டரே சொன்னது. திக்லிபூரில் இருக்கும் மெஷின் கெட்டுக் கிடக்கிறதாம், அதனால் வண்டியைக் கப்பலில் ஏற்றி இங்கே கொண்டுவந்து, நாலு நாள் எங்களோடு இருந்துவிட்டுப் போங்கள். இரண்டாவது விஷயம், ஐயாவு அண்ணன் சொன்னது. உங்கள் வண்டி இப்போது பஜாரில் நுழைந்தால் மாடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடுகின்றனவாம். அவர் கேலி செய்கிறார் என்றுதான் நினைக்கிறேன். கேலிதானே?

உங்கள் துஆவை எதிர்பார்க்கும் மகள்,
சபீஹா


திக்லிபூர்
20.6.2025

என் மகள் சபீஹாவுக்கு,

அத்தா எழுதுவது. வ அலைக்குமுஸ்ஸலாம். முழங்கால் மழைக்கு முன்னால் முனகும், மழை வந்துவிட்டால் அடங்கிவிடும். தகரம் ஒழுகுகிறது. அடியில் ஒரு வாளி வைத்திருக்கிறேன், நானும் வாளியும் சமாளித்துக்கொள்கிறோம். உன் கையெழுத்து ஆறாம் வகுப்பில் இருந்ததைவிட மோசமாகியிருக்கிறது. இதற்காகவாவது மாதம் ஒரு கடிதம் எழுது.

ஐயாவு சொன்னது கேலி இல்லை. ஏப்ரலில் சென்னையிலிருந்து ஒரு சைலன்சர் வரவழைத்து மாட்டினேன். பளபளவென்று துப்பாக்கிக் குழாய் மாதிரி இருக்கும். மெக்கானிக் விஜயன் மாட்டிவிட்டு ஒரு முறுக்கு முறுக்கினான் பார், என் கடைக் கண்ணாடிப் பெட்டியில் இருந்த வளையல் எல்லாம் ஆடியது. இழுவை கூடியிருக்கிறது. மண் ரோட்டில் துணி மூட்டையோடு ஏறுகிறபோது எனக்கே முப்பது வயது குறைந்த மாதிரி இருக்கிறது.

வியாபாரத்துக்கும் நல்லது. ராம்நகர் முக்கில் வண்டி திரும்பும்போதே பெண்கள் அளவு ரவிக்கையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்துவிடுகிறார்கள். முன்பெல்லாம் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று ஹார்ன் அடிக்க வேண்டும். அறுபத்திரண்டு வயதில் புத்தி கெட்டுவிட்டது என்று நீ நினைப்பாய். நினைத்துக்கொள்.

சர்டிபிகேட்டுக்காக வண்டியை ஏன் கப்பலில் ஏற்ற வேண்டும்? மெஷின் உன்னுடையது. நம்பர் பிளேட்டை விஜயன் போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். நீ அங்கே பட்டனைத் தட்டு. காகிதத்தை ஐயாவு கொண்டுவருவான். ஊரில் எல்லாரும் சொந்தக்காரன் எங்கே உத்தியோகத்தில் இருக்கிறான் என்று தேடுகிறார்கள். எனக்குப் பெற்ற மகளே இருக்கிறாய்.

ஹம்னாவுக்கு என் முத்தம். மருமகன் ஜாஹிருக்கு சலாம் சொல்லு.

அத்தா


கராச்சர்மா
24.6.2025

அத்தா,

சலாம். சுகம் விசாரிக்கும் நிலையில் நான் இல்லை, இருந்தாலும் உங்கள் முழங்காலுக்காக துஆ செய்கிறேன்.

பட்டனைத் தட்டினால் காகிதம் வருவதற்கு இது ஜெராக்ஸ் மெஷின் இல்லை. வண்டி என் கூண்டின் முன்னால் நிற்க வேண்டும். சைலன்சருக்குள் கம்பியை விட வேண்டும். கேமரா நம்பர் பிளேட்டைப் படம் எடுக்கும், மெஷின் புகையை அளக்கும், இரண்டும் சேர்ந்து அந்த நிமிஷமே ஆபீசுக்குப் போய்விடும். வேறு வண்டியில் கம்பியை விட்டு உங்கள் நம்பரைப் போட்டேன் என்று வையுங்கள், பிடிபட்டால் என் லைசென்ஸ் போகும். பிடிபடாவிட்டாலும் நான் செய்ய மாட்டேன். தினமும் இரண்டு காலேஜ் பையன்களாவது இந்த மாதிரி குழாயை மாட்டிக்கொண்டு வருகிறார்கள். "தீதி, பாஸ் பண்ணிவிடுங்க தீதி" என்று கெஞ்சுகிறார்கள். திட்டித் திருப்பி அனுப்புகிறேன். இனி என்ன முகத்தோடு திட்டுவேன்?

கம்பெனி சைலன்சருக்குள் தேன்கூடு மாதிரி ஒரு சல்லடை இருக்கிறது. புகையில் இருக்கும் விஷத்தை அதுதான் தின்கிறது. உங்கள் துப்பாக்கிக் குழாயில் அது கிடையாது, உள்ளே வெறும் ஓட்டை. இழுவை கூடியிருக்கிறது என்பதும் உங்கள் மனப்பிரமை, சத்தம்தான் கூடியிருக்கிறது. பழைய சைலன்சர் எங்கே? பரணில் பத்திரமாக இருக்கிறது என்று மட்டும் ஒரு வரி எழுதுங்கள், நிம்மதியாக இருப்பேன்.

ஒன்று மட்டும் புரியவில்லை. பக்கத்து வீட்டில் டேப் சத்தமாக வைத்தால் எழுந்து போய் குறைக்கச் சொல்கிற ஆள் நீங்கள். உங்களுக்கு ஏன் இந்த ஆசை?

சபீஹா


கராச்சர்மா
22.7.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். ஒரு மாதமாகப் பதில் இல்லை. கோபமா? காய்ச்சலா? ஜெயலட்சுமி அக்காவைக் கேட்டேன். நீங்கள் கல்லுப்போல இருப்பதாகவும், யாரிடமும் அதிகம் பேசுவதில்லை என்றும் சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை ஹம்னா பிடிவாதம் பிடித்து உங்களுக்குப் போன் போட்டாள். நீங்கள் எடுத்ததும் ஸ்கூல் விழாவில் பாடப்போகும் பாட்டைப் பாடத் தொடங்கினாள். பாதிப் பாட்டில் "சரிம்மா, சரிம்மா" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள். பிள்ளை போனை என்னிடம் நீட்டினாள். "நன்னாவுக்கு என் பாட்டு பிடிக்கலையாம்மா?" என்று கேட்டாள். எனக்கு அன்றைக்கு உங்கள்மேல் வந்த கோபம் இன்னும் போகவில்லை, அதையும் எழுதிவிடுகிறேன்.

என்மேல் கோபம் இருந்தால் என்னிடம் காட்டுங்கள். அவளுக்கு ஏழு வயது.

சர்டிபிகேட்டுக்கு இன்னும் ஒன்பது நாள்தான் இருக்கிறது.

சபீஹா


திக்லிபூர்
5.8.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கோபமும் இல்லை. ஐயாவு கையில் ஹம்னாவுக்குத் தேங்காய் பர்பி ஒரு டப்பா கொடுத்தனுப்பியிருக்கிறேன். அவள் பாட்டைப் பற்றி நான் ஒன்றும் எழுத முடியாது. நன்னாவுக்கு அவள்மேல் உயிர் என்று மட்டும் சொல்லு.

நீ ஜெயித்தாய். நேற்று காளிப்பூர் ரோட்டில் போலீஸ் என்னைப் பிடித்தது. பின்னாலிருந்து மூன்று தடவை விசில் அடித்தானாம், வண்டிச் சத்தத்தில் நான் கவனிக்கவில்லை. துரத்திக்கொண்டு வந்து முன்னால் குறுக்கே நிறுத்தினான். சின்னப் பையன், பெங்காலி. "சாச்சா, யே ஃபட்ஃபட்டி ஹை யா ஹெலிகாப்டர்?" என்று கேட்டான், இது பைக்கா ஹெலிகாப்டரா என்று. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அபராதச் சீட்டு எழுதிவிட்டு, புகைக் காகிதம் வரும்வரை வண்டியை ரோட்டில் பார்த்தால் ஸ்டேஷனில் தூக்கிப் போட்டுவிடுவேன் என்று சொன்னான். மரியாதையாகத்தான் சொன்னான்.

வண்டி இப்போது கடைக்குப் பின்னால் வாளிக்குப் பக்கத்தில் நிற்கிறது. ராம்நகர், காளிப்பூர் இரண்டு விற்பனை லைனும் நின்றுவிட்டது. மூட்டையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் பார்த்தேன், முழங்கால் ஒத்துழைக்கவில்லை. வண்டி இல்லாவிட்டால் இந்தக் கடை ஆறு மாதம் தாங்காது, சபீ. கடை இல்லாவிட்டால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியவில்லை.

பழைய சைலன்சர் பரணில் இல்லை. திட்டாதே. மண்டல் பாபுவின் பவர் டில்லரில் இருக்கிறது. அவருடையது துருப்பிடித்து விழுந்துவிட்டது, உழவு நேரம், கேட்டார். விஜயன் ஒரு துண்டுக் குழாயை வைத்து அதில் வெல்டிங் போட்டுக் கொடுத்தான். மூன்று மாதமாக அது வயலில் உழுதுகொண்டிருக்கிறது.

அத்தா


கராச்சர்மா
9.8.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். பர்பி வந்தது. ஹம்னா ஒரே நாளில் முடித்துவிட்டாள், மன்னித்தும் விட்டாள். பிள்ளைகள் மனசு நமக்கு வாய்க்காது.

உங்கள் கடிதத்தை ஜாஹிரிடம் படித்துக் காட்டினேன். பவர் டில்லர் இடம் வந்தபோது அவர் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்துபோய்ச் சிரித்துவிட்டு வந்தார். நான் சிரிக்கவில்லை. ராத்திரி படுக்கும்போது எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெட்ரோல் வண்டியின் சல்லடைக்குள் மூன்று மாதம் டீசல் கரி! உலகத்தில் வேறு எந்தப் புகை டெஸ்ட்காரிக்கும் இப்படி ஒரு அத்தா இருக்க மாட்டார்.

மண்டல் பாபுவிடமிருந்து அதைத் திரும்ப வாங்கி மாட்டிப் பாருங்கள். தேறாவிட்டால் புதிய கம்பெனி சைலன்சர் சென்னையிலிருந்து வர வேண்டும்.

இன்னொன்று. ஜாஹிரும் நானும் பேசினோம். இத்தனை அலைச்சல் எதற்கு? கடையை விட்டுவிட்டு இங்கேயே வந்துவிடுங்கள். முன் அறை காலியாகத்தான் கிடக்கிறது. டிவி இருக்கிறது, ஃபேன் இருக்கிறது, நடக்கிற தூரத்தில் பள்ளிவாசல் இருக்கிறது. யோசித்துப் பாருங்கள்.

சபீஹா


திக்லிபூர்
1.9.2025

அன்பு மகளுக்கு,

சலாம். எல்லாரும் சுகம்தானே. இங்கே நெல் பச்சைப்பசேல் என்று நிற்கிறது.

முன் அறை வேண்டாம். உன்மேலும் மருமகன்மேலும் ஒரு குறையும் இல்லை. ஆனால் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து, யார் வாயையாவது பார்த்துக்கொண்டிருக்கிற வாழ்க்கை எனக்கு இப்போது வேண்டாம். இதைப் பற்றி மறுபடி எழுதாதே.

மண்டல் பாபு சைலன்சரைக் கழற்றித் தந்துவிட்டார். விஜயன் வெல்டிங்கை வெட்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி மாட்டினான். உள்ளேயிருந்து மைபோலக் கரி வந்தது. போலீஸ் பார்க்காத பின்ரோட்டில் ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன். வண்டி எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு தடவை நடுரோட்டில் நின்றுவிட்டேன். என்னவென்று கேட்காதே, பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான்.

பத்தாம் தேதி கப்பலில் வண்டியை விஜயனோடு அனுப்புகிறேன். நான் வரவில்லை. மீலாது நேரம், துணி வியாபாரம் இருக்கும். அந்தச் சத்தக் குழாயையும் சாக்கில் கட்டி வைத்திருக்கிறேன். உன்னிடம் கெஞ்சுகிற பையன்களில் எவனுக்காவது கொடு.

வண்டியைத் தேற்றி அனுப்பு, சபீ. உன்னிடம் நான் எதையும் கேட்டதில்லை.

அத்தா


கராச்சர்மா
14.9.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

சலாம். வண்டி வந்து சேர்ந்தது. மீலாது ஐந்தாம் தேதியே முடிந்துவிட்டது என்பதை நீங்கள் மறந்துவிட்டீர்கள்போல. சரி.

டெஸ்ட்டில் பெயில். அளவுக்கு நாலு மடங்கு. மெஷின் இரண்டு தடவை இருமியது. சல்லடை செத்துவிட்டது, இனி கழுவிப் பயனில்லை. புதிய சைலன்சருக்கு எழுதிவிட்டேன். கப்பல் பிந்தினால் அக்டோபர் நடுவில் வரும். அதுவரை வண்டி என் கூண்டுக்குப் பக்கத்தில் தார்ப்பாய் போட்டு நிற்கும். கவலை வேண்டாம்.

விஜயன் அண்ணன் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் போனார். உங்களைப் பற்றி எது கேட்டாலும் "சாச்சாகிட்டயே கேளுங்க" என்று சொல்லிவிட்டு மீனைப் பார்த்துச் சாப்பிட்டார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

வண்டியில் லாரிக்கு மாட்டுகிற அளவுக்கு இரண்டு பெரிய கண்ணாடி மாட்டியிருக்கிறதே, அது எதற்கு?

சபீஹா


கராச்சர்மா
19.10.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நல்ல செய்தியை முதலில் எழுதுகிறேன். பாஸ்! புதிய சைலன்சர் வியாழக்கிழமை வந்தது, நேற்று மாட்டினோம். கம்பியை உள்ளே விடுமுன் மூன்று தடவை துடைத்தேன். எத்தனை ஆயிரம் வண்டிக்கு விட்டிருப்பேன், இப்படித் துடைத்ததில்லை. எண் இறங்கி இறங்கி அளவுக்குக் கீழே போய் நின்றது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சத்தமாகச் சொன்னதில் வரிசையில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். சர்டிபிகேட் என் மேஜை டிராயரில் இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு உங்களை யாரும் ஒன்றும் கேட்க முடியாது.

இனி நான் கேட்கிறேன்.

வண்டியின் செல்ஃப் மோட்டார் உறுமியது, ஆனால் சரியாகப் பிடிக்கவில்லை. கழற்றிப் பார்க்கச் சொன்னேன். அதன் சக்கரத்துப் பல் எல்லாம் மொட்டையாகத் தேய்ந்திருக்கிறது. இது எப்போது தேயும் தெரியுமா? என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே மறுபடி மறுபடி ஸ்டார்ட் பட்டனை அழுத்தினால் தேயும். அழுத்தினால் கரகரவென்று பல்லைக் கடிக்கிற சத்தம் வரும். காது கேட்கிறவர் ஒரு தடவை அப்படி அழுத்தினால் பதறிக் கையை எடுத்துவிடுவார். இது நூறு தடவை அழுத்திய தேய்மானம்.

அதைக் கையில் வைத்துக்கொண்டு கூண்டுக்குள் உட்கார்ந்தேன். வண்டி கிளம்பிவிட்டதா என்பதே உங்களுக்குத் தெரியவில்லை. அதனால்தான் கிளம்பியது காலிலும் நெஞ்சிலும் அதிரும்படி ஒரு குழாய் வாங்கி மாட்டினீர்கள். பின்னால் வருகிற லாரி கேட்கவில்லை, அதனால் கண்ணாடி மாட்டினீர்கள். போலீஸ் விசில் கேட்கவில்லை. போனில் சிக்னல் இருந்தது, அத்தா. உங்களுக்குத்தான் கேட்கவில்லை. ஹம்னா பாடியதும் கேட்கவில்லை.

விஜயன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "அக்கா, நான் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன்" என்றார். அது போதும்.

எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வருகிறது. உங்கள்மேல் பாதி, என்மேல் பாதி. சைலன்சருக்குள் சல்லடை இருக்கிறதா இல்லையா என்று உங்களுக்குப் பாடம் எடுத்தேனே தவிர, என் அத்தா ஏன் இப்படிச் செய்கிறார் என்று ஒரு நாள் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

வண்டியும் சர்டிபிகேட்டும் இங்கேதான் இருக்கும். வந்து, என்னோடு காது டாக்டரைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போங்கள். இதில் பேரம் கிடையாது.

உங்கள் சபீ


திக்லிபூர்
30.10.2025

அன்பு மகளே,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகப்போகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஆமாம். போன மழையிலிருந்து. முதலில் வலது காது, அப்புறம் இடது. பாங்கு தூரத்தில் போன மாதிரி இருந்தது, பிறகு கடிகாரத்தைப் பார்த்துத்தான் தொழப் போனேன். கடைக்கு வருகிறவர்கள் விலை கேட்டால் வாயைப் பார்த்துப் பதில் சொல்வேன். எது புரியாவிட்டாலும் சிரித்துத் தலையாட்டுவேன். சிரிக்கிற ஆளை யாரும் சந்தேகப்படுவதில்லை. காதில் தினமும் தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி விட்டேன், நம் வீட்டில் எல்லாவற்றுக்கும் அதுதானே மருந்து. ஒன்றும் ஆகவில்லை.

உன்னிடம் சொன்னால் என்ன செய்வாய் என்று எனக்குத் தெரியும். முன் அறை, ஃபேன், டிவி. கேட்காத டிவி! லைசென்ஸ் புதுப்பிக்க டாக்டரிடம் போனால் அவர் எழுதிவிடுவார், வண்டி போய்விடும். வண்டி போனால் கடை, கடை போனால் உன் வீட்டு மூலை. இதுதான் பயம். வேறு ஒன்றும் இல்லை.

அந்தக் குழாய் மாட்டிய முதல் நாள் விஜயன் முறுக்கினபோது எனக்குக் கேட்டது, சபீ. காதில் என்று சொல்ல முடியாது, பாதத்தில் ஏறி விலாவில் வந்து கேட்டது. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு ஒரு சத்தம்! ரோட்டில் நின்று அழுதுவிட்டேன். விஜயன் பயந்துபோனான். அவனிடம் அன்றைக்குத்தான் சத்தியம் வாங்கினேன். அவனைத் திட்டாதே.

ஹம்னா பாடினது எனக்குத் தெரியும். இரைச்சல்போல ஏதோ வந்தது, அது பிள்ளையின் குரல் என்பது மட்டும் தெரிந்தது. என்ன சொல்கிறாள் என்று தெரியாமல் தப்பாக ஏதாவது பதில் சொல்லிவிடுவேனோ என்று பயந்து வைத்துவிட்டேன். உன் கடிதத்தைப் படித்த அன்றைக்கு நான் சாப்பிடவில்லை.

டாக்டரிடம் வருகிறேன். காது போய்விட்டது என்று அவர் சொன்னால், எனக்காக நீ எதுவும் முடிவு பண்ணக் கூடாது. இந்த ஒன்றுக்கு மட்டும் சத்தியம் பண்ணு.

அத்தா


கராச்சர்மா
4.11.2025

அன்புள்ள அத்தாவுக்கு,

சத்தியம்.

பதினேழாம் தேதிக்கு டாக்டர் சீட்டு வாங்கிவிட்டேன். பதினைந்தாம் தேதி ஐயாவு அண்ணன் பஸ்ஸில் அவர் சீட்டுக்குப் பின்னால் உங்களுக்கு இடம் சொல்லியிருக்கிறேன். உங்களிடம் ஏதாவது சொல்ல வேண்டுமானால் தோளைத் தொட்டுவிட்டு முகத்தைப் பார்த்துச் சொல்லும்படி சொன்னேன். "எனக்குப் போன வருஷமே தெரியும் தங்கச்சி" என்கிறார். கடிதம் சுமந்தவருக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது, படிக்கிற எனக்குத்தான் தெரியவில்லை.

பயப்படாதீர்கள். நானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன். இருவரும் சேர்ந்தே போவோம்.

சபீ

பின்குறிப்பு: டாக்டரைப் பார்க்கும்வரை காதில் எண்ணெய் விடாதீர்கள்.


திக்லிபூர்
9.12.2025

என் அன்பு மகள் சபீஹாவுக்கும் மருமகன் ஜாஹிருக்கும் பேத்தி ஹம்னாவுக்கும்,

அத்தாவின் சலாமும் துஆவும். கப்பல் ஏரியல் பே ஜெட்டிக்குச் சரியான நேரத்துக்கு வந்தது. வண்டிக்கு ஒரு கீறலும் இல்லை. முழங்கால் மட்டும் வழக்கம்போல முனகுகிறது. இப்போது அது முனகுவதும் கேட்கிறது.

டாக்டர் என் காதிலிருந்து எடுத்ததை நினைத்தால் எனக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது. ஒரு வருஷத்து எண்ணெயும் அழுக்கும் பூஞ்சையும் சேர்ந்து புளியங்கொட்டை அளவுக்கு இரண்டு கட்டி! "சாச்சா, கடாயில் விட வேண்டியதைக் காதில் விட்டிருக்கிறீர்கள்" என்றாரே, ஞாபகமிருக்கிறதா? நீ வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாய், அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாய். அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. அதுதான் எனக்கு முதலில் தெளிவாகக் கேட்டது.

பாதி எண்ணெய், பாதி வயசு என்றார். வயசுக்கு உண்டானதற்கு வலது காதில் மெஷின். நேற்று முழுக்கப் போட்டுக்கொண்டே இருந்தேன். தகரத்தில் மழை விழுகிறது, வாளியில் சொட்டுகிறது, எதிரே ஜெயலட்சுமி யாருடனோ வீடியோ காலில் கத்துகிறாள். இவ்வளவு சத்தமான ஊரா இது! கொஞ்ச நேரம் கழற்றி வைக்கலாமா என்று யோசித்தேன். வைக்கவில்லை. நன்றாக வண்டி ஓட்டலாம் என்று டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்ததைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே தூங்கினேன்.

அந்தக் குழாயை உன் கூண்டில் ஆணி அடித்து மாட்டி, பையன்கள் கெஞ்சினால் "இது என் அத்தாவுடையது, அவரையே பாஸ் பண்ணவில்லை" என்று காட்டுகிறாயாமே. காட்டு. ஒரு காரியத்துக்காவது உதவட்டும். மண்டல் பாபு தன் டில்லருக்குப் புதுக் குழாய் வாங்கிவிட்டார், என் வண்டியைப் பார்த்தால் மட்டும் தள்ளி நிற்கிறார்.

காலையில் ராம்நகர் லைனுக்குக் கிளம்பினேன். விஜயன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். மூட்டையைக் கட்டி, ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினேன். புது சைலன்சர், பூனை மாதிரி மெதுவாகத்தான் சத்தம் போடுகிறது. பழக்கத்தில் கட்டைவிரல் மறுபடி பட்டனுக்குப் போயிற்று. விஜயன் சொல்ல வாயெடுத்தான். அதற்குள் நானே விரலை எடுத்துக்கொண்டேன். வண்டி ஓடிக்கொண்டிருந்தது, எனக்குத் தெரிந்தது.

போலீஸ்கார பெங்காலிப் பையன் முக்கில் நிறுத்தினான். காகிதத்தை நீட்டினேன். பார்த்துவிட்டு, "ஹெலிகாப்டர் கஹாங் கயா, சாச்சா?" என்றான், ஹெலிகாப்டர் எங்கே போயிற்றாம். முதல் தடவையிலேயே கேட்டது. "பேட்டி கே பாஸ்" என்றேன், என் மகளிடம் இருக்கிறது என்று.

ஒரு வேலை உனக்கு. வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து மூன்று மணிக்குக் கடையைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருப்பேன். ஹம்னாவைப் போன் போடச் சொல். விழா எப்போதோ முடிந்திருக்கும், இருந்தாலும் அந்தப் பாட்டை முதலிலிருந்து பாடச் சொல். எவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியாது. அவள் பாடி முடிக்கிறவரை நான் வைக்க மாட்டேன்.

உன் அத்தா